சிட்னி புவாட்டியே: திரையில் தனித்து நின்றவர்

நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலே, 1945ஆம் ஆண்டளவில், உணவுச்சாலைகளிற் கோப்பை கழுவிப் பிழைத்துவந்த 18 வயது இளைஞர் ஒருவர், தம் கூலியில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு வானொலிப் பெட்டி ஒன்று வாங்கினார். பாட்டுக் கேட்பது அவர் நோக்கமன்று. அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், அதே வாக்கியத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு தாமும் சொல்லிப் பார்ப்பார். செய்தியாயினும் சரி, விளம்பரமாயினும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றே. வேலை முடிந்து வந்த இரவுகளில் மாதக்கணக்காக இவ்வாறு பயின்றபின், அவர் நாவிலே படிந்திருந்த மேற்கிந்தியத் தீவுகளின் பேச்சோசை மெல்ல மெல்ல அகன்றது. வானொலியை ஆசானாகக் கொண்டு பேசப் பழகிய அந்த இளைஞரே சிட்னி புவாட்டியே.

2022ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவர் தமது 94ஆம் வயதிற் காலமானார். சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்ற முதற் கறுப்பின மனிதர் என்னும் செய்தியே அன்று உலகெங்கும் முன்னின்றது. அது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் அப்பரிசு கிடைப்பதற்கு முன்னும் கிடைத்த பின்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் அந்த மனிதர் தனியே சுமந்து திரிந்த சுமையை அந்த ஒரு வரி சொல்லிவிடவில்லை.

பஹாமாஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கற் தீவிலே தக்காளி பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பம் அவருடையது. விளைந்த தக்காளியை விற்பதற்காகப் பெற்றோர் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்றிருந்தபோது, 1927 பெப்ரவரி 20ஆம் நாள், மாதம் நிறையுமுன்னரே பிறந்தார். பிள்ளை தங்காது என்று எண்ணிய தந்தை அடக்கம் செய்வதற்குச் சிறு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டாராம். தாய் ஏவலின் அதனை ஏற்கவில்லை. குறிசொல்லும் பெண்ணொருத்தியைத் தேடிப் போனார். பிள்ளை பிழைக்கும், அரசர்களோடு உலாவும் என்று அவள் சொன்னதாகப் புவாட்டியே தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளை பிழைத்தது. குறி பலித்ததோ, தாயின் பிடிவாதம் பலித்ததோ!

பஹாமாஸ் தக்காளிக்குப் புளோரிடா மாநிலம் தடைவிதித்தமையால் அந்தப் பிழைப்பும் போயிற்று. குடும்பம் தலைநகர் நஸாவுக்குக் குடிபெயர்ந்தபோது சிட்னிக்குப் பத்து வயது கடந்திருந்தது. மோட்டார் வண்டியையும் மின்விளக்கையும் அவர் கண்டது அங்கேதான். முதற் சினிமாவைக் கண்டதும் அங்கேதான். மாடு மேய்க்கும் குதிரை வீரர்களின் கதை அது. படம் முடிந்ததும் சிறுவன் படமாளிகையின் பின்புறத்துக்கு ஓடிச் சென்று, திரையிலே கண்ட மாடுகளும் குதிரைகளும் வெளியே வரும் என்று காத்து நின்றானாம். பின்னாளில் அவரே இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

நஸாவில் வாழ்ந்தோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தவர். ஆகவே, தான் கறுப்பன் என்பதை நாள்தோறும் நினைத்துக்கொள்ள வேண்டிய தேவை அச்சிறுவனுக்கு இருக்கவில்லை. 15 வயதில் மயாமியில் இருந்த தமையனிடம் அனுப்பப்பட்ட பின்னரே அது அவருக்கு உணர்த்தப்பட்டது. கடைப் பொருளொன்றைக் கொண்டு சென்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டு முன்வாயிலில் நின்றார். பின்புறமாக வரும்படி அப்பெண் கூறினாள். இவரோ, பொருளை நீட்டிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறேனே, பின்னால் எதற்கு என்று கேட்டார். இரண்டு நாள் சென்று, கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடி தரித்த வெறிக்கூட்டத்தார் தமையன் வீட்டுக்கு அவரைத் தேடிவந்தனர். மயாமியில் அவர் நெடுநாள் தங்கவில்லை.

நியூயோர்க்கில் பசியும் குளிரும் காத்திருந்தன. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையிற் சேர்ந்தார், அதிலிருந்தும் வெளிவந்தார். பத்திரிகையிலே வேலைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடிகர்கள் தேவை என்ற வரி கண்ணிற் பட்டது. அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கு என்னும் ஹார்லம் குழு கொடுத்த விளம்பரம் அது. போனார். கையிலே நாடகப் பிரதி கொடுக்கப்பட்டது. எழுத்துக்கூட்டித் தடுமாறினார். அக்குழுவை நடத்திய பிரெடெரிக் ஓநீல் அவரைப் பிடரியிற் பிடித்து வாயிலுக்கு வெளியே தள்ளி, நேரத்தை வீணாக்காமற் கோப்பை கழுவப் போ என்றார்.

தாம் கோப்பை கழுவுபவர் என்று புவாட்டியே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தெருவிலே நடந்துபோகும்போது அதுவே அவர் மனத்தைக் குடைந்தது. தம்மை ஒருமுறை பார்த்த மாத்திரத்தில் அந்த மனிதர் கண்ட எதிர்காலம் அவ்வளவுதானா? நடிப்பின்மேல் அவருக்கு அன்றுவரை பெரிய ஆசை இருந்ததில்லை. ஓநீலின் கூற்றைப் பொய்யாக்குவதற்காகவே நடிகராவது என்று துணிந்தார். வானொலிப் பெட்டி வந்த கதை இது. வாசிப்புக் குறை தீர்ந்த கதை வேறு.

மீண்டும் சென்றபோதும் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினர். துப்புரவு வேலைகளைக் கூலியின்றிச் செய்வதாகவும் அதற்கு ஈடாகப் பாடம் சொல்லித்தருமாறும் கேட்டு உள்ளே நுழைந்தார். அங்கே ஹரி பெலபொன்ரே என்னும் இளைஞருக்குப் பதில் நடிகராக இருந்தார். பெலபொன்ரே வரமுடியாத ஓர் இரவில் இவர் மேடையேறினார். பார்க்க வந்திருந்த நெறியாளர் ஒருவர் கையோடு அழைத்துச் சென்றார். 1946இல் பிரோட்வே அரங்கிலே முதல் நாள் அச்சத்தால் வசனங்களை முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிட, சபையோர் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தனர். நாடகம் சில நாட்களில் முடிந்துபோயிற்று. இவர் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. ஒன்பது நாள் மூத்தவரான புவாட்டியேக்கும் பெலபொன்ரேக்கும் இடையிலான நட்பும் சச்சரவும் அன்றுமுதல் வாழ்நாள் முழுதும் நீடித்தன.

அக்காலத்து ஹொலிவூட் படங்களிற் கறுப்பினத்தவரின் நிலை எப்படி இருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். வேலைக்காரி, வாயில்காப்போன், பேயைக் கண்டு விழி பிதுங்கும் சோம்பேறி என்னும் இவற்றைக் கடந்த வேடம் அரிதாகவே கிடைத்தது. 'கோன் வித் த விண்ட்' படத்திலே பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல், 1940ஆம் ஆண்டில் துணை நடிகைக்கான ஒஸ்கார் பெற்றார். கறுப்பினத்தார் ஒருவர் பெற்ற முதல் ஒஸ்கார் அது. பரிசளிப்பு விருந்தில் அப்பெண்மணிக்கு ஏனைய நடிகரோடு இருக்கை தரப்படவில்லை. சுவரோரமாகத் தனிமேசை ஒன்று போடப்பட்டிருந்தது.

பத்தாண்டு கழித்து, 1950இல், ஜோசப் மங்கிவிச் நெறிப்படுத்திய 'நோ வே அவுட்' படத்திற் புவாட்டியே வைத்தியராகத் தோன்றினார். வெள்ளை நோயாளியின் உடலைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் கறுப்பு வைத்தியர்! அந்நாளிற் பிரித்தானியரின் ஆளுகையில் இருந்த பஹாமாஸில் இப்படம் தடைசெய்யப்பட்டது. மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டிய பின்னரே தடை நீங்கியது. மகனைப் பார்க்கப் படமாளிகைக்குச் சென்ற ஏவலின் அம்மையார் அதற்கு முன் சினிமாவே கண்டறியாதவர். திரையிலே இனவெறியன் ஒருவன் கைத்துப்பாக்கியால் மகனை அடிக்கிறான். அம்மையார் எழுந்து நின்று, திருப்பி அடி, சிட்னி, திருப்பி அடி என்று கூவினாராம்.

அடுத்து, அலன் பேற்றனின் புகழ்பெற்ற நாவலான 'கிறை, த பிலவ்ட் கன்றி'யைப் படமாக்குவதற்கு ஸொல்ற்றான் கோர்டா தென்னாபிரிக்கா சென்றார். அதில் நடிக்கச் சென்ற புவாட்டியேயும் மூத்த நடிகரான கனடா லீயும் நெறியாளரின் ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரிலேயே அந்நாட்டினுள் அனுமதிக்கப்பட்டனர். சிறந்த கலைஞர் இருவர், குடியகல்வு அதிகாரிகளின் ஏட்டிலே கூலிகள்! நிறவெறி அரசின் சட்டம் கலைக்கு இட்ட பெயர் அது. கனடா லீ அமெரிக்காவிலே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் வேலை மறுக்கப்பட்டு, 1952இல் இறந்தார். 1955இல் வெளிவந்த 'பிளாக்போர்ட் ஜங்கிள்' படத்துக்காக ஒப்பந்தமானபோது, லீயையும் பாடகர் போல் றோப்சனையும் கைவிடுவதாகக் கையெழுத்திடும்படி புவாட்டியே கேட்கப்பட்டார். அவர் இணங்கவில்லை.

அவர் இணங்காத இன்னொன்று உண்டு. அதுவே அவர் வாழ்வின் திறவுகோல் எனலாம். இரண்டாவது மகவு பிறக்க இருந்த வேளை, கையிலே பணமில்லை. ஒரு படத்திலே துப்புரவாளர் வேடம், வாரம் 750 டொலர் என்று முகவர் ஒருவர் அழைத்தார். கொலையொன்றைக் கண்ட துப்புரவாளரை வாய்திறவாதபடி மிரட்டுகிறார்கள். அவரது மகளைக் கொன்று வீட்டுமுன் எறிந்துவிட்டும் போகிறார்கள். அந்தத் தந்தையோ ஒன்றுமே செய்வதில்லை. கதையை வாசித்த புவாட்டியே மறுத்துவிட்டார். கறுப்பினத்தவரை இழிவுசெய்யும் வசனம் அதில் ஒன்றுமில்லையே, ஏன் மறுக்கிறீர் என்று முகவர் கேட்டார். அப்போது அவர் காரணம் சொல்லவில்லை. கற் தீவிலே தக்காளி பயிரிட்ட தம் தந்தை அப்படிப்பட்ட தந்தையல்லர் என்பதே காரணம் எனப் பின்னாளில் எழுதினார். மறுத்துவிட்டு நேரே சென்று, வீட்டுத் தளபாடங்களை ஈடாகக் காட்டி 75 டொலர் கடன்பெற்று வைத்தியசாலைச் செலவை ஒப்பேற்றினார். இத்தகைய பைத்தியக்காரனை விடலாகாது என்று அந்த முகவர், மார்ற்றின் போம் என்பவர், தாமாகவே அவருக்கு முகவராக முன்வந்தார்.

1958இல் வெளிவந்த 'த டிபையண்ட் வன்ஸ்', ஒரே சங்கிலியிற் பிணைக்கப்பட்டுத் தப்பியோடும் வெள்ளைக் கைதி ஒருவனதும் கறுப்புக் கைதி ஒருவனதும் கதை. ரோனி கேர்ட்டிஸோடு நடித்த அப்படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பட்டியலிற் புவாட்டியே பெயர் இடம்பெற்றது. கறுப்பின ஆண் ஒருவருக்கு அதுவரை கிட்டாதது அது. கதை முடிவில் ஓடும் புகைவண்டியில் ஏறிவிட்ட கறுப்பன், ஏறமுடியாத வெள்ளைத் தோழனுக்காக வண்டியிலிருந்து குதித்துவிடுகிறான். நகரின் வெள்ளையர் பகுதிகளில் அக்காட்சிக்குக் கைதட்டினர். ஹார்லம் படமாளிகையிலோ, மடையா, வண்டியில் ஏறு என்று கூச்சலிட்டார்களாம். எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் இதனைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரே நடிகர், ஒரே காட்சி. பார்த்த கண்கள் இரு வேறு. புவாட்டியேயைப் பிற்காலத்தில் வருத்திய விவாதம் முழுவதும் அந்த ஒரு கூச்சலிலே அடங்கிக் கிடந்தது.

1963இல் வந்த 'லிலீஸ் ஒவ் த பீல்ட்' சிறு முதலீட்டிற் சில வாரங்களுக்குள்ளே எடுத்து முடிக்கப்பட்ட எளிய படம். பாலைவனத்திலே ஜேர்மன் கன்னியர் சிலருக்குத் தேவாலயம் கட்டிக்கொடுக்கும் தொழிலாளி வேடம். அதற்காக 1964 ஏப்ரல் 13ஆம் நாள் ஒஸ்கார் பரிசு அவர் கைக்கு வந்தது. பரிசை வழங்கிய ஆன் பான்குறொவ்ற் அம்மையார் கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்தினார். அதையும் பொறுக்காதவர் சிலர் அந்நாளில் இருந்தனர்.

பரிசு பெற்று நான்கு மாதம் சென்ற ஓர் இரவிலே அதே மனிதர் மிசிசிப்பி மாநிலத்தில் உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவுசெய்யச் சென்ற தொண்டர் மூவர் அங்கே கொல்லப்பட்டு, ஓகஸ்ட் 4ஆம் நாள் உடல்கள் கண்டெடுக்கப்பட்டிருந்தன. ஏனைய தொண்டர்கள் அங்கே தங்கிப் பணியாற்றப் பணம் வேண்டியிருந்தது. பெலபொன்ரே 70,000 டொலர் திரட்டினார். அதைக் கொண்டுசெல்லத் துணைக்கு வரும்படி நண்பரை அழைத்தார். இரண்டு பெரிய நடிகரைக் கொல்வதற்குச் சற்று யோசிப்பார்கள் என்பது அவர் கணக்கு. கிறீன்வூட் விமானத் திடலில் இறங்கி இவர்கள் காரில் ஏறியதும், இருளிலே வெளிச்சம் போட்டுக்கொண்டு பார வண்டிகள் துரத்தி வந்து பின்னால் மோதின. நடுவே தொண்டர்களின் கார்கள் புகுந்து மறித்துக்கொள்ள, மண்டபத்தை அடைந்தனர். அங்கு காத்திருந்தோர் பாடி வரவேற்றனர். பணப்பை மேசைமேல் வைக்கப்பட்டது.

இந்த இரவை அறிந்தோர்க்கே 1967ஆம் ஆண்டின் கதை முழுமையாக விளங்கும். அவ்வாண்டு அவர் நடித்த மூன்று படங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. லண்டனின் ஏழைப் பகுதியில் முரட்டு மாணவரைத் திருத்தும் ஆசிரியராக 'ரு சேர், வித் லவ்'. பிரித்தானியக் கயானாவில் பிறந்த பிறெய்த்வெயிற் தம் அனுபவத்திலிருந்து எழுதிய நூலைத் தழுவியது. வெள்ளைப் பெண்ணை மணக்க விரும்பும் வைத்தியராக 'கெஸ் ஹூஸ் கமிங் ரு டின்னர்'. இத்தகைய திருமணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் செல்லுபடியற்றதாக்கியிருந்தது. மூன்றாவது, எல்லாவற்றிலும் சிறந்தது, 'இன் த ஹீற் ஒவ் த நைற்'.

கதை நிகழ்வது மிசிசிப்பியிலே. அம்மாநிலத்துக்குத் திரும்பப் போக மாட்டேன் என்றார் புவாட்டியே. ஆகவே வடக்கே இலினோய் மாநிலத்திற் படமாக்கினர். பருத்தித் தோட்டக் காட்சிக்காகச் சில நாள் மட்டும் ரெனசி மாநிலத்துக்குச் சென்றபோது, தலையணையின் கீழே துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கினார். அங்கேதான் அந்தக் காட்சி. பொலிஸ் துப்பறிவாளராகிய வேர்ஜில் ரிப்ஸ், தோட்ட முதலாளியைக் கேள்வி கேட்கிறார். முதலாளி கன்னத்தில் அறைகிறார். ஒரு கணமும் தாழாது ரிப்ஸ் திருப்பி அறைகிறார். அந்த அறை எந்தப் பிரதியிலும் வெட்டப்படலாகாது என்று தாமே உறுதி வாங்கியதாகப் புவாட்டியே கூறுவார். அது தொடக்கத்திலேயே கதையில் இருந்ததென்று படத்தை ஆக்கியோர் கூறுவர். யார் எண்ணமாயினும், கறுப்பு மனிதன் ஒருவன் வெள்ளைக் கனவானை அறைந்ததை அமெரிக்கப் படமாளிகைகள் அன்றுவரை கண்டதில்லை என்றே சொல்லலாம். பதினேழு ஆண்டுகளுக்கு முன் நஸாவிலே ஒரு தாய் கூவியது அன்றுதான் திரையில் நடந்தது.

மார்ற்றின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டமையால் இரண்டு நாள் ஒத்திவைக்கப்பட்டு, 1968 ஏப்ரல் 10ஆம் நாள் நடந்த ஒஸ்கார் விழாவில் அது சிறந்த படமாயிற்று. உடன் நடித்த றொட் ஸ்ரைகர் சிறந்த நடிகரானார். புவாட்டியேயின் பெயர் பட்டியலிலேயே இருக்கவில்லை.

புகழின் உச்சியில் நின்ற அந்த வேளையிலேதான் அடி விழுந்தது. 1967 செப்டெம்பரில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில், கிளிபர்ட் மேசன் என்னும் கறுப்பின நாடகாசிரியர், வெள்ளை அமெரிக்கா புவாட்டியேயை இவ்வளவு நேசிப்பது ஏன் என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். குற்றமற்றவர், கோபமற்றவர், காதலுமற்றவர். வெள்ளையர் துயர்தீர்க்கவே எப்போதும் வந்து சேர்பவர் என்பதே குற்றச்சாட்டு. தெருக்களிலே கறுப்பின இளைஞர் தீயாய் எரிந்துகொண்டிருந்த காலம் அது. புவாட்டியே மிக வருந்தினார்.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. கெஸ் ஹூஸ் கமிங் படத்து வைத்தியர் கல்வியிலும் புகழிலும் ஒழுக்கத்திலும் மனிதரை விஞ்சியவர். அவரையே மருமகனாக ஏற்கத் தயங்குவோர் சாதாரணக் கறுப்பு இளைஞனை என்ன செய்வர் என்று கேட்கத் தோன்றும். கண்பார்வையற்ற பெண்ணோடு நடித்த 'ஏ பச் ஒவ் புளூ' படத்தின் ஒரேயொரு முத்தமும் தென் மாநிலங்களில் வெட்டி எடுக்கப்பட்டது. ஆயினும் வழக்குத் தவறான மனிதர்மேல் தொடுக்கப்பட்டது. வெள்ளை நடிகருள் ஒருவர் கள்வனாக, ஒருவர் காதலனாக, ஒருவர் கோழையாக நடிக்கலாம். எவருடைய கோழைத்தனமும் அவர் இனத்தின்மேல் ஏற்றப்படமாட்டாது. புவாட்டியே கோழையாக நடித்தால் கோடிக்கணக்கானோர் கோழைகளாவர். பக்கத்திலே இன்னும் பத்துப்பேர் நின்றிருந்தால் அவரும் கள்வனாக நடித்துப் பார்த்திருக்கலாம். அப்பத்துப் பேரை ஹொலிவூட் உள்ளே விடவில்லை.

அவர் பத்திரிகையில் மறுமொழி எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1968இல், கறுப்பு ஆணும் கறுப்புப் பெண்ணும் காதலிக்கும் 'போர் லவ் ஒவ் ஐவி' என்னும் கதையைத் தாமே கற்பித்து நடித்தார். அவ்வாண்டு படமாளிகை உரிமையாளரின் வாக்கெடுப்பிலே வசூலில் முதல் நட்சத்திரமாகத் தெரிவானவர் அவரே. பின்னர் கமெராவுக்குப் பின்னாற் போனார். 1972இல் 'பக் அண்ட் த பிறீச்சர்' படத்தை நெறிப்படுத்தி, பெலபொன்ரேயோடு சேர்ந்து நடித்தார். கறுப்பினத்தவரும் குதிரையேறித் துப்பாக்கி ஏந்தும் கதை அது. நஸாவின் படமாளிகைப் பின்புறத்திலே குதிரைகளுக்காகக் காத்து நின்ற சிறுவன் தன் குதிரைகளைத் தானே கொண்டுவந்தான். 1980இல் அவர் நெறிப்படுத்திய 'ஸ்ரேர் கிறேசி' என்னும் நகைச்சுவைப் படம் பத்துக் கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. கலையளவில் அவை பெரிய படங்களல்ல. ஆனால் நடிகரிலிருந்து தொழிலாளர்வரை பலர் அவற்றால் உள்ளே நுழைந்தனர்.

முதுமையிலே பஹாமாஸ் நாட்டின் தூதுவராக யப்பானுக்கு நியமனம் பெற்றார். 2002 மார்ச் 24ஆம் நாள் ஒஸ்கார் சங்கம் அவருக்குக் கௌரவப் பரிசளித்த அதே இரவில், டென்ஸல் வோஷிங்டன் சிறந்த நடிகரானார். முதல் கறுப்பு நடிகருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 38 ஆண்டுகள்! வோஷிங்டன் கையில் இருந்த பரிசை மேல்மாடத்தில் அமர்ந்திருந்த முதியவரை நோக்கி உயர்த்தினார். முதியவர் எழுந்து தம் கையிலிருந்ததை உயர்த்தினார்.

வாசிப்புக் குறை தீர்ந்த கதையும் அவர் முதுமையில் அடிக்கடி சொன்ன கதையே. ஓநீல் வெளியே தள்ளிய பின்னர், குவீன்ஸ் பகுதியில் ஓர் உணவுச்சாலையிலே கோப்பை கழுவும் வேலை. இரவு வேலை முடிந்து பணியாளர் எல்லாரும் உண்ணும் நேரத்தில், வயது முதிர்ந்த யூதப் பரிசாரகர் ஒருவர், பத்திரிகையிலே புதினம் என்ன என்று கேட்டார். எனக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது என்றார் இளைஞர். அப்படியானால் நான் உன்னோடிருந்து வாசிக்கட்டுமா என்றார் முதியவர். அன்றுமுதல் இரவுதோறும், மற்றவர்கள் எழுந்துபோன பின்னும், இருவரும் சமையலறைக் கதவருகே உட்கார்ந்து பத்திரிகை வாசித்தனர். தெரியாத சொல்லை எப்படி உடைத்து அறிவது, நிறுத்தக் குறிகள் எதற்கு என்பதெல்லாம் அந்தக் கிழவர் சொல்லிக்கொடுத்தார். வாரக்கணக்காக அது நடந்தது. பின்னர் இளைஞர் வேலை மாறிப் போய்விட்டார்.

புகழ் வந்தபின் அவருக்கு நன்றி சொல்ல எண்ணியபோது, அந்த முதியவர் இல்லை. எண்பது வயது கடந்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலே இதனைச் சொல்லிவந்தபோது புவாட்டியேயின் கண்கள் கலங்கின. அந்தப் புகழ்பெற்ற குரல் சற்றே நின்றுவிட்டது.